எங்கே போச்சு அந்த ரெண்டு மார்க்?



சென்ற இதழில் சீம்பாலைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் ஒன்று என்னைச் சிரிக்கவும் வைத்தது, கொஞ்சம் யோசிக்கவும் வைத்தது. தலைப்பிரசவம் ஆகி 12 நாளே ஆன பெண் எழுதியது. ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் குழந்தையின் எடைக்குப் பக்கத்தில் 'அப்கார் 8/10' என்று போட்டிருந்ததாம். மாமனார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டைப் படித்தவர், "ஏம்மா, பத்துக்கு எட்டுதானா? எங்கே போச்சு அந்த ரெண்டு மார்க்?" என்று கேட்டுவிட்டார். விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். ஆனால் பச்சை உடம்புக்காரிக்கு விளையாட்டு ஏது? "அன்னியிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லை சிஸ்டர். என் பிள்ளைக்கு மூளையிலே ஏதாவது குறை இருக்குமோ?" என்று எழுதியிருக்கிறாள்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கண்ணம்மா, உன் பிள்ளை நல்ல மார்க்குதான் வாங்கியிருக்கிறான். இது படிப்புக்கான மார்க் இல்லை. பிறந்த குழந்தை இந்த நிமிஷம் எப்படி இருக்கிறது, நாங்கள் உடனே கை கொடுக்க வேண்டுமா என்று பார்க்கிற மார்க். அவ்வளவுதான்.

அப்கார் என்பது ஒரு டாக்டரம்மாவின் பெயர். வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்கப் பெண்மணி. அறுவை சிகிச்சைக்குப் படித்தவர். பெண்ணாக இருந்துகொண்டு அந்தத் துறையில் நிலைப்பது கஷ்டம் என்று பெரியவர்கள் சொல்லவே, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரானார். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்து மருத்துவக் கல்லூரியில் 1949-இல் முழுப் பேராசிரியர் பதவி பெற்ற முதல் பெண் அவர்தான். அந்தக் காலத்தில் பிள்ளை பிறந்ததும் எல்லோருடைய கவனமும் தாயின் மேலேயே இருக்கும். குழந்தையை இன்ன இன்ன பார்க்க வேண்டும் என்று ஒரு ஒழுங்கு கிடையாது. அப்கார் அம்மையார்தான் ஐந்தே ஐந்து விஷயங்களைச் சொன்னார். 1952-இல் அதை டாக்டர்கள் கூட்டத்தில் விளக்கினார். 1953-இல் அச்சில் வந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்கப் பிரசவ அறைகளில் அதைத்தான் போடுகிறோம்.

உடம்பின் நிறம், இதயத் துடிப்பு, தூண்டினால் முகம் சுளிக்கிறதா, கை கால்களை மடக்கித் துறுதுறுவென்று இருக்கிறதா, மூச்சும் அழுகையும் எப்படி - இவைதான் அந்த ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மார்க். பிறந்து ஒரு நிமிஷத்தில் ஒரு தரம், ஐந்து நிமிஷத்தில் மறு தரம். 7-லிருந்து 10 வரை வாங்கினால் திருப்தி. பத்துக்குப் பத்து, அதுவும் முதல் நிமிஷத்திலேயே, அபூர்வம்! ஏனென்றால் பெரும்பாலான குழந்தைகளுக்கு உடம்பு சிவந்திருந்தாலும் உள்ளங்கையும் பாதமும் சற்று நேரம் நீலம் பாரித்தே இருக்கும். அதற்கு ஒரு மார்க் போய்விடும். தூண்டும்போது பலமாக அழாமல் முகத்தை மட்டும் சுளித்தால் இன்னொரு மார்க். போச்சா ரெண்டு? வாத்தியார் ஐயாவிடம் இந்தக் கணக்கைக் காட்டிவிடு.

கையைக் கழுவு, பேச்சை நிறுத்து

பிரசவ அறையில் போடுவது அவசர மார்க். குழந்தையை நிதானமாகத் தலை முதல் கால் வரை பார்ப்பது அதற்கப்புறம். நான் 34 வருஷம் பிரசவ வார்டிலும் குழந்தைகள் வார்டிலும் வேலை பார்த்தவள். எனக்குச் சொல்லிக் கொடுத்த பெரிய சிஸ்டர், "கையைக் கழுவு, கையைச் சூடாக்கு, பேச்சை நிறுத்து, அப்புறம் பார்" என்பார். குழந்தை தூங்கும்போதே பாதி விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும். அழ ஆரம்பித்துவிட்டால் மூச்சையும் எண்ண முடியாது, துடிப்பையும் கேட்க முடியாது.

முதலில் மூச்சு. வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குவது பச்சைக் குழந்தைக்கு உதவாது. ஏனென்றால் அது மூச்சுவிடும் தினுசே அலாதி. சரசரவென்று சில மூச்சு, அப்புறம் ஐந்து பத்து விநாடி சும்மா இருக்கும், மறுபடி சரசரவென்று. நிமிஷத்துக்கு 30-லிருந்து 60 வரை இருக்கலாம். இதயம் 110-லிருந்து 160 வரை துடிக்கும். நம்மைப் போல 72 என்று எதிர்பார்த்தால் தலை சுற்றிப்போகும்!

பிறகு தலையைத் தடவி உச்சிக்குழியைப் பார்ப்போம். கண், காது, மூக்கு. சுத்தமான விரலை வாயில் விட்டு மேலண்ணம் பிளவில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும்போதே குழந்தை விரலைச் சப்பும். சப்புகிற பலமும் தெரிந்துவிடும். கழுத்து, தோள்பட்டை எலும்பு, கை விரல்களை எண்ணுவது, தொப்புள், தொடை மடிப்பில் நாடி, இடுப்பு மூட்டு நழுவுகிறதா, ஆண் குழந்தையானால் விதை இறங்கியிருக்கிறதா, ஆசனவாய் திறந்திருக்கிறதா, திருப்பிப் போட்டு முதுகெலும்பு நேராக இருக்கிறதா. இத்தனையும் பார்க்க ஐந்து பத்து நிமிஷம் போதும்.

இதை நான் எப்போதும் தாயின் கட்டில் மேலேயே வைத்துத்தான் செய்வேன். குழந்தையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து "எல்லாம் சரியா இருக்கு" என்றால் எந்தத் தாய்க்குத் திருப்தி வரும்? "இதோ பாரும்மா, விரல் பத்தும் இருக்கு. நீயே எண்ணு" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக் குழந்தையின் மேல் வைத்தால், அந்த முகத்தில் வருகிற தெளிவே வேறு.

பயமுறுத்தும், ஆனால் பயம் வேண்டாம்

பிறந்த குழந்தை படத்தில் வருகிற குழந்தை மாதிரி மொழுமொழுவென்று இருக்காது. பெற்றவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை அப்படியே தருகிறேன்.

'தலை கோணலா, நீட்டமா இருக்கே?' குறுகலான வழியில் நெருக்கிக்கொண்டு வந்த தலை அல்லவா? மண்டை எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் வெளியே வரும். சில நாளில் தானே உருண்டையாகிவிடும். எண்ணெய் தடவி அழுத்தி உருட்ட வேண்டாம், பாட்டிமார்களே!

'உச்சியிலே துடிக்குதே?' உச்சிக்குழி துடிப்பது இயற்கை. முன்குழி மூட ஒன்று முதல் ஒன்றரை வருஷம் ஆகும். குழந்தை அழாமல் அமைதியாக, தலை நிமிர்ந்து இருக்கும்போதும் குழி புடைத்திருந்தாலோ, நன்றாகப் பள்ளம் விழுந்திருந்தாலோதான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

'உடம்பெல்லாம் கொசு கடிச்ச மாதிரி இருக்கே?' இரண்டாம் மூன்றாம் நாளில் சிவப்புத் தடிப்புகள் வரும், இடம் மாறும், தானே போய்விடும். மூக்கின் மேல் கடுகு போல வெள்ளைப் பொட்டுகளும் அப்படியே. சீழ் கோத்த கொப்புளமானால் மட்டும் காட்டுங்கள். இடுப்புக்குக் கீழே முதுகில் நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ திட்டு இருந்தால், யாரோ அடித்தது போல் தோன்றும். நம் நிறத்துக் குழந்தைகளுக்கு இது சகஜம். வளர வளர மங்கிவிடும்.

'மார்பு வீங்கியிருக்கு, பால் கூட வருதே?' ஆணோ பெண்ணோ, தாயின் ஹார்மோன் குழந்தைக்குப் போனதால் வருவது. தொடாமல் விட்டால் சில வாரத்தில் வற்றிவிடும். பிதுக்கி எடுக்கிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சீழ் பிடித்துக் குழந்தை படுகிற பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

'தூக்கத்திலே தூக்கிப் போடுதே, ஜன்னியா?' சத்தம் கேட்டால் கையை விரித்து உதறிவிட்டு மறுபடி அணைத்துக்கொள்ளும். இது நல்ல நரம்புக்கு அடையாளம். நடுங்குகிற கையை நீங்கள் மெதுவாகப் பிடித்தால் நின்றுவிட்டது என்றால் பயமில்லை. பிடித்த பிறகும் வெட்டி வெட்டி இழுத்தாலோ, கண் ஒரு பக்கமாகச் சொருகினாலோ அது வேறு. உடனே ஓட வேண்டும்.

'எடை குறைஞ்சு போச்சே?' முதல் சில நாளில் எல்லாக் குழந்தையும் இளைக்கும். 3 கிலோ குழந்தை 200, 250 கிராம் குறைவது சாதாரணம். பிறந்த எடையை 10-லிருந்து 14 நாளுக்குள் எட்டிப் பிடித்துவிடும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால், பால் கொடுக்கும் முறையைக் கிட்ட உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்காகச் சேனை வைப்பதும், சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதும் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே.

இன்னொன்று. ஒரு நாள் காலை ரவுண்டுக்குப் போனபோது ஒரு கட்டிலைச் சுற்றி ஒரே கிசுகிசு. நாலு நாள் பெண் குழந்தையின் துணியில் ரத்தக் கறை. மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். தாய் விசும்புகிறாள். 'குடும்பத்துக்கு ஆகாது' என்று யாரோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். நான் குழந்தையைத் துடைத்துப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "வயித்துக்குள்ளே இருந்தவரைக்கும் அம்மாவோட ஹார்மோன் இவளுக்கும் போச்சு. வெளியே வந்ததும் அது நின்னு போச்சு. அதனாலே ரெண்டு சொட்டு. நாலு நாளிலே நின்னுடும். எத்தனையோ பெண் குழந்தைக்கு வர்றதுதான்." மாமியார் மெதுவாகக் கட்டிலருகே வந்து, "அப்போ தோஷம் ஒண்ணுமில்லையா சிஸ்டர்?" என்றார். "தோஷமும் இல்லை, மாசமும் இல்லை பாட்டி. பேத்தியைத் தூக்கிக்குங்க" என்று மடியில் கொடுத்தேன். அந்தத் தாய் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள் என்று பிறகு ஆயா சொன்னாள்.

நான் செய்த தப்பு

இவ்வளவு தைரியம் சொல்கிறேனே, ஒரு தரம் தைரியம் சொல்லியே தப்புச் செய்தவள் நான். இதை இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை.

1989-ஆம் வருஷம். வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ராத்திரி ட்யூட்டி. வார்டு நிரம்பி வழிந்தது. தரையிலும் பாய் போட்டிருந்தோம். ஒரு மணி இருக்கும். ஓரக் கட்டிலிலிருந்து ஒரு சின்னப் பெண், பத்தொன்பது வயசு இருக்கலாம், "சிஸ்டர், கொஞ்சம் வந்து பாருங்களேன். இவன் நேத்து மாதிரி இல்லை" என்றாள். மூன்று நாள் ஆண் குழந்தை. நான் கையில் ஊசித் தட்டோடு போய்க்கொண்டிருந்தேன். கட்டில் ஓரத்திலிருந்தே எட்டிப் பார்த்தேன். போர்த்திக்கொண்டு அமைதியாகத் தூங்கினான். "ஒண்ணுமில்லேம்மா, தூங்கறான். நீயும் தூங்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

மூன்று மணிக்கு அவள் எழுந்து நடந்தே என்னிடம் வந்தாள். குழந்தையைக் கையில் வைத்திருந்தாள். "கோவிச்சுக்காதீங்க சிஸ்டர். சாயங்காலத்திலேர்ந்து பால் குடிக்கலை. எழுப்பினா எழுந்துக்க மாட்டேங்கறான்" என்றாள். வாங்கினேன். வாங்கிய கையே சொல்லிவிட்டது. பாதம் சில்லென்றிருந்தது, வயிறும் சில்லென்றிருந்தது. கை கால் துவண்டு தொங்கின. வாயில் விரல் வைத்தேன், சப்பவில்லை. ட்யூட்டி டாக்டரை எழுப்ப ஓடினேன்.

ரத்தத்தில் கிருமி பரவியிருந்தது. ட்ரிப், ஆன்டிபயாடிக், சூடேற்றும் விளக்கு என்று இரண்டு வாரம் போராட்டம். பிள்ளை பிழைத்துவிட்டான். நான் கும்பிடாத தெய்வமில்லை. வீட்டுக்குப் போகிற அன்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். எனக்குத் தலை நிமிரவில்லை. பிறகு சொன்னாள்: "ரெண்டாந்தரம் உங்களைக் கூப்பிட பயமா இருந்துச்சு சிஸ்டர். திட்டுவீங்களோன்னு ரெண்டு மணி நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

அந்த ரெண்டு மணி நேரம் என் கணக்கில் எழுதப்பட்டது. மாமனார் தேடுகிற ரெண்டு மார்க்கைப் பற்றிக் கவலைப்படாதே என்று சொல்லலாம். நான் இழந்த அந்த ரெண்டு மணி நேரத்தை இன்றைக்கும் என்னால் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு சட்டம்: குழந்தையைக் கையால் தொட்டுப் பார்க்காமல் 'ஒண்ணுமில்லை' என்ற வார்த்தை என் வாயிலிருந்து வராது. என்னிடம் பயிற்சிக்கு வந்த நர்ஸ் பெண்கள் எல்லோருக்கும் இதைத்தான் முதல் பாடமாகச் சொன்னேன். தாய் 'நேத்து மாதிரி இல்லை' என்று சொன்னால், அதுவும் ஒரு பரிசோதனை முடிவு. தெர்மாமீட்டர் காட்டுவதைப் போல மதிக்க வேண்டும்.

வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியவை

'அழவே மாட்டேங்குது, சமத்து' என்று பெருமைப்படுவதற்கு முன்னால் பால் குடிக்கிறதா என்று பாருங்கள். பகலும் இரவுமாக 8-லிருந்து 12 தரம் குடிக்க வேண்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தார் மாதிரி கருப்பாக மலம் போக வேண்டும். பிறகு பச்சையாகி, மஞ்சளாகும். ஐந்தாம் நாளுக்கப்புறம் தினம் ஆறு துணியாவது சிறுநீரால் நனைய வேண்டும். இந்தக் கணக்கு சரியாக இருந்தால், தாய்ப்பால் போதவில்லையோ என்ற கவலையே வேண்டாம்.

கதகதப்பைப் பார்க்க எளிய வழி: உங்கள் புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொடுங்கள். இரண்டும் வெதுவெதுப்பு என்றால் நலம். வயிறு சூடு, பாதம் சில்லென்றால் குழந்தைக்குக் குளிர்கிறது. சேலைக்குள் மார்போடு தோல் படும்படி அணைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே சில்லென்றால் அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

மஞ்சள் காமாலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் முகம் லேசாக மஞ்சள் பூப்பது நிறையக் குழந்தைகளுக்கு உண்டு. ஒன்றிரண்டு வாரத்தில் வடிந்துவிடும். ஆனாலும் நர்ஸிடமோ டாக்டரிடமோ காட்டிவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தால் தெரியும். பிறந்த முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் வந்தாலும், எந்த நாளானாலும் உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானாலும், அது அவசரம். காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து, வேண்டியிருந்தால் நீல விளக்கடியில் வைப்பார்கள். காலம் தாழ்த்தினால் மூளையைப் பாதிக்கும்.

கீழே சொல்வதைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டி வையுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரம் பார்க்காமல் போக வேண்டும்:

- பால் குடிக்க மறுப்பது, அல்லது சப்புகிற பலம் குறைவது
- எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது
- அமைதியாக இருக்கும்போதும் நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, நெஞ்சுக்குழி உள்ளே இழுப்பது, முனகல், மூச்சு 20 விநாடி நிற்பது
- உதடும் நாக்கும் நீலமாவது (கை கால் மட்டும் நீலமாவது வேறு)
- வலிப்பு
- உடம்பு சூடு 37.5 டிகிரி செல்சியஸுக்கு மேல், அல்லது வயிறும் சில்லென்று இருப்பது
- பச்சை நிறமாக வாந்தி
- தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, சீழ், நாற்றம்
- மேலே சொன்ன காமாலை அடையாளங்கள்

வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். தொப்புள்கொடி ஒன்றிரண்டு வாரத்தில் தானே காய்ந்து விழும். அதில் வசம்பும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். உலர்வாக விட்டால் போதும்.

அப்பாக்களுக்கும் பாட்டிகளுக்கும்

பிள்ளை பெற்ற நாலைந்து நாளில் காரணமில்லாமல் அழுகை வரும். அப்போது "இதுக்கெல்லாமா பயப்படுவே? நாங்க பத்துப் பெத்து வளர்த்தோம்" என்று சொல்லாதீர்கள். அது தைரியம் சொல்வது ஆகாது, வாயை மூடுவது. அடுத்த தரம் நிஜமாகவே ஏதாவது இருந்தாலும் அவள் சொல்லமாட்டாள். "எங்கே, காட்டு பார்க்கலாம்" என்று கிட்டப் போய் உட்காருங்கள். சேர்ந்து மூச்சை எண்ணுங்கள். பாதி பயம் அதிலேயே போய்விடும். மீதிப் பாதி இருந்தால் கிராம சுகாதார நர்ஸையோ ஆஸ்பத்திரியையோ கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் தாய் அழுதுகொண்டே இருந்தால், தூக்கமும் சாப்பாடும் போய்விட்டால், அவளுக்கே வைத்தியம் வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சகோதரிகளே, நர்ஸ் சிடுசிடுத்தாலும் இரண்டாம் தரம் கூப்பிடுங்கள். மூன்றாம் தரமும் கூப்பிடுங்கள். வெறும் பயமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நாங்கள் பத்து நடை வீணாக நடந்தால் கால்தான் வலிக்கும்.

அடுத்த இதழில், குழந்தையைக் குளிப்பாட்டுவது பற்றி: எப்போது, எவ்வளவு வெந்நீர், மூக்கை ஊதலாமா கூடாதா என்று பார்ப்போம். உங்கள் வீட்டு வழக்கம் என்ன என்று எழுதுங்கள். கணக்கு வாத்தியார் ஐயாவின் பேரனுக்கு என் ஆசீர்வாதம்.